முகம் பாக்கியிருக்கிற படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரப் படத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பீர்களே, அந்த ராமராஜ் அண்ணாச்சிக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உங்கள் தம்பி எழுதுகிறேன். நீங்கள் போய் வருஷம் ஒன்று ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவும் சரியாக வருமா என்று தெரியவில்லை. நீங்களாக இருந்தால் முதல் வரியை எழுதியதுமே நாலு பேருக்குப் படித்துக் காட்டியிருப்பீர்கள்.

உங்களிடம் எனக்குத் தீராத ஆச்சரியம் அதுதான். ராஜபாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தவர், அறுபது வயதில் ஆயில் பெயிண்ட் வாங்கித் தானாக வரையப் பழகினீர்கள். பாதிப் படத்தை ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு வாரம் வைத்துவிட்டுப் போவீர்கள். "சாப்பிடும்போது பாருங்க, பல்லு வெளக்கும்போது பாருங்க. எங்க இடிக்குன்னு சொல்லுங்க." அடுத்த ஞாயிறு வந்து கேட்டுவிட்டு, எடுத்துப்போய்த் திருத்துவீர்கள். முடிந்த படத்தை மட்டும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவீர்கள். முடிஞ்சத வச்சு என்ன பேசுறது என்று கேட்பீர்கள்.

நான் நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் பஞ்சையும் இழையையும் பார்த்தவன். மூன்று தடவை சரிபார்க்காமல் ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. குறையோடு ஒன்றை இன்னொருவர் கண்ணில் காட்ட ஒரு மனிதருக்கு எப்படித் துணிச்சல் வந்தது?

செண்பகத்தோப்பு மலையை வரைந்து கொண்டுவந்த ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? மருந்துக்கடைப் பாண்டியும் அன்றைக்கு என் வீட்டில் இருந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் சொக்கிப் போனார்.

"அண்ணாச்சி, மலைய விடுங்க. அந்த மேகம் இருக்கே, தொட்டா கையில ஒட்டிக்கிடும் போல. எம்புட்டு நாளாச்சு வரைய?"

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "நான் மேகமே போடலயே."

வருகிற வழியில் மில்லில் சரக்கு வைக்கும் கிட்டங்கி வாசலில் கழிவுப் பஞ்சை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பறந்த பஞ்செல்லாம் ஈர நீலத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏ தம்பி, முப்பது வருசம் பஞ்சப் பாத்த மனுசன். ஒமக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சது அண்ணாச்சி."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்களே ஒட்டியிருப்பீங்களோன்னு நெனச்சேன்."

பாண்டி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி சிந்தியது. "இவரு வீட்டுக்குள்ள பாம்பு வந்தாலும், யாரும் வளக்கக் கொண்டாந்தீகளோன்னு கேப்பாரு."

நீங்கள் பஞ்சை எடுக்கவில்லை. "பாண்டி மேகம்னு சொல்லிட்டாரு. இனி அது மேகந்தான்" என்று சொல்லி, அதன் மேலேயே வெள்ளையைப் பூசினீர்கள். வேறு யாராக இருந்தாலும் கூசிப்போயிருப்பார்கள்.

கடைசியாக என் வீட்டில் வைத்துவிட்டுப் போனது மதினியின் படம். அவரைக்காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கை இரண்டும் முடிந்திருந்தது. முகம் பழுப்புக் கோடாக மட்டும் இருந்தது. "நாலு மாசமா இந்த முகம் பிடிபட மாட்டேங்கு தம்பி. நல்லாருக்குன்னு மட்டும் சொன்னீர்னா, படத்த ஒம்ம தலையிலயே மாட்டிருவேன்" என்றீர்கள்.

புதன்கிழமையே எனக்குப் பிடிபட்டது. அந்தக் கை இப்போதைய மதினியின் கை. மூட்டு வீங்கியிருக்கிறது, எண்ணெய் தெறித்த தழும்பு இருக்கிறது. முகத்தின் கோடோ முப்பது வயதுப் பெண்ணுடையது. ஒரு தாளில் எழுதி வைத்தேன். போன் பக்கத்தில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில், மனம் நோகாத வார்த்தையாகப் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாண்டி போன் செய்தார். கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள்.

புதன்கிழமையே சொல்லியிருந்தால் முகத்தை முடித்திருப்பீர்களா அண்ணாச்சி?

போன மாதம் உங்கள் மகள் கல்யாணி பேசினாள். "சித்தப்பா, அப்பாவோட வருசத் திதிக்கு அந்தப் படத்த மாட்டணும். மதுரையில ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்காரு. அம்மாவோட கல்யாண போட்டோவக் குடுத்தா முகத்த முடிச்சுத் தந்துருவாரு. நாளைக்குக் கொண்டு வாரீகளா?"

"சரிம்மா" என்றேன். எனக்கு அதுதானே சொல்ல வரும்.

போனை வைத்தபின், இழை எண்ணுகிற என் பழைய பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்திலிருந்த முகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். கத்தியால் சுரண்டிய தடங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக எண்ணி முடியவில்லை. வரைந்து, பிடிக்காமல் சுரண்டி, மறுபடி வரைந்து சுரண்டியிருக்கிறீர்கள். நான் தாளில் எழுதி வைத்தது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மறுநாள் படத்தை வேட்டியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உங்கள் வீட்டு மேஜையில் கல்யாண போட்டோ தயாராக இருந்தது.

"கல்யாணி, இத வேற யாரும் முடிக்க வேண்டாம்மா."

என் குரல் நடுங்கியது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சித்தப்பா இது? எங்கம்மா உயிரோட இருக்கும்போது முகமில்லாத படத்த எப்படி மாட்டுறது? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

அவள் கேட்டதும் நியாயம்தான். கொண்டுபோயிருந்த பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். "கையைப் பாரும்மா. கல்யாண போட்டோ முகம் இந்தக் கைக்குச் சேராது. அப்பா எத்தன தடவ சுரண்டியிருக்காங்கன்னும் பாரு. அந்தப் பழைய முகம் போதும்னு நெனச்சிருந்தா, அவங்களே என்னைக்கோ முடிச்சிருப்பாங்க."

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மதினி கண்ணாடியை வாங்கி, முகத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் பார்த்தார்கள்.

"தழும்பக்கூட விடல. இத எப்பப் பாத்தாக இவிய?"

"பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காக மதினி."

கல்யாணி மேஜை மேலிருந்த போட்டோவை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தாள்.

திதியன்று படத்தை அப்படியே மாட்டினோம். தேவதானத்திலிருந்து வந்த உங்கள் உறவுக்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "முகத்த ஏன் முடிக்காம விட்டாரு?" என்று கேட்டார். விளக்கம் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மதினி, சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, "அவியளுக்கு இன்னும் திருப்தி வரல" என்றார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி, எனக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறதோ தெரியாது. யார் எதைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாலும், கண்ணில் பட்டதை அன்றைக்கே சொல்லிவிடுவேன். குரல் நடுங்கினாலும் சொல்வேன். உங்களுக்கு இதைச் சத்தியமாகவே எழுதித் தருகிறேன்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
தேவசகாயம்