காந்தலூரில் நீ கட்டியிருந்த சேலை

அம்மிணி,

ஒரு வாரமாக நம் கட்டிலில் கிடந்த உன் சேலைகள் மூன்றையும் இன்று பீரோவில் திருப்பி வைத்தேன். கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் மெல்ல உன் பவுடர் வாசமும் வந்தது. கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

அவற்றை வெளியே எடுக்க வைத்தவள் நம் மகள்தான். முதல் வருஷத் திதிக்குள் உன் படத்தைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றாள். மலைமேல் காந்தலூருக்கு நாம் போன அன்று, பூண்டு வயலோரம் நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாயே, அந்தப் படம். அதைவிட நல்ல படம் உனக்கு இல்லை. ஆனால் எடுத்தது என்னுடைய கறுப்பு வெள்ளைக் கேமரா. அம்மா சாயம் போனது போல இருக்கக் கூடாது, நிறம் ஏற்றித்தான் மாட்ட வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். ஸ்டுடியோக்காரர் செய்து தருகிறேன் என்றார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: சேலை என்ன நிறம்?

எனக்குத் தெரியவில்லை. அன்று போனில் ஒரு படம்கூட நாம் எடுக்கவில்லை. கையில் நல்ல கேமரா இருக்கிற திமிர் எனக்கு.

அது வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. மற்ற கேமராக்களில் நிறத்தோடு எடுத்துப் பிறகு கறுப்பு வெள்ளையாக்கலாம், இது அப்படியில்லை, இதற்கு நிறமே தெரியாது என்று பெருமையாக விளக்கினேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ஏனுங்க, முதலமடையில மாந்தோப்பு வெச்சுக்கிட்டு, நிறந் தெரியாத கேமராங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய்.

ஆனாலும் என்னோடு தோப்பு தோப்பாக வந்தவள் நீதான். மழை விட்டதும் மாமரத்துப் பட்டை மினுங்குவதையும், வெயில் சாயும்போது இலை நரம்பு துலங்குவதையும் கிறுக்குப் பிடித்தவன் போலப் படமெடுப்பேன். நிறம் ஒதுங்கிக்கொண்டால் வெளிச்சம் என்னவெல்லாம் செய்கிறது என்று பார்ப்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டதும் நீ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நிறம் சொல்வாய். இந்தத் துளிர் செம்பு நிறம், அந்த லாரியின் தார்ப்பாய் கிளிப்பச்சை, கூடை சுமக்கிறவளின் சேலை வெங்காயத்தோல். நான் கவனிக்காமல் விட்டதையெல்லாம் நீ பார்த்து வைத்திருப்பாய். அந்தத் தைரியத்தில்தான் நான் நிறத்தைப் பற்றிக் கவலையே படவில்லை போல. காந்தலூரில் எடுத்த உன் படம் வந்தபோது மட்டும், பல்லைக் காட்டிக்கொண்டு இதென்ன படம் என்று வெட்கப்பட்டு, அடுத்ததைப் போடச் சொல்லிவிட்டாய்.

கோயமுத்தூரில் ஒரே கடையில், கரையில்லாத வாயில் துணிச் சேலை மூன்று எடுத்தாயே. அரக்கு ஒன்று, பாசிப்பச்சை ஒன்று, மயில்கழுத்து ஒன்று. படத்தில் நீ கட்டியிருப்பது அவற்றில் ஏதோ ஒன்று என்பது வரைக்கும் சரி. மகள் பச்சை என்றாள், நான் அரக்கு என்றேன். சண்டை தீரட்டும் என்று மூன்றையும் ஜன்னலோரம் கட்டிலில் விரித்து, அதே கேமராவில் எடுத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே சாம்பல் நிறமாக வந்தன. அவள் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள், கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இருங்கப்பா, அம்மாகிட்டயே கேட்டுப்போடலாம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியே பச்சைச் சேலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பிறகு அவளே ஸ்டுடியோவுக்குப் போன் செய்து, நிறம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

படத்தை இருந்தபடியே மாட்டிவிட்டோம். காலையில் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு அதைத் தாண்டித்தான் தோப்புக்குப் போகிறேன். தாண்டும்போது உனக்கு ஒரு சேலையை நினைத்துக்கொள்கிறேன். நேற்று மயில்கழுத்து. இன்று அரக்கு. அது உனக்கு அத்தனை எடுப்பாக இருக்கும், அம்மிணி. நீ கட்டிக்கொண்டு எதிரே நின்ற நாட்களில் அதை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.