மோட்டார் ஞாயிற்றுக்கு முன்னும் பின்னும்

பிப்ரவரி 3, வெள்ளி

காலையில் பனி. ஏரிக்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள்தான். மீதி எல்லாம் அறுப்பு வயலில், கதிர் பொறுக்க.

சாயங்காலம் வேணுகோபால் ரெட்டியாரின் (இனி ரெ.) கரும்பாலையில் கூட்டம். இந்தச் சாலையில் பஸ் விட்டது அவர்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை உலா. புதுச்சேரி டவுன்காரர்களும், கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களும் மோட்டாரில் ஏரி பார்க்க வருவார்கள். வழியில் நிறுத்தி நிறுத்தி வருவார்கள். நிறுத்துகிற இடத்தில் எல்லாம் ஊர்க்காரர்கள் ஏதாவது வைத்திருக்க வேண்டும். முதல் உலா 12ஆம் தேதி. முடிவான நிறுத்தங்கள்:

தோப்பு – இளநீர், நிழல், உட்காரப் பாய். அஞ்சலை பொறுப்பு.
கரும்பாலை – சாறு, சூட்டு வெல்லம்.
எங்கள் தெரு முனை – பனங்கிழங்கு, கோரைப்பாய், அண்ணன் ஆட்களின் பறை.
ஏரிக்கரை – மீன் வறுவல், படகு.

வருகிறவர்களிடம் பிரெஞ்சு பேச நான். கன்னியர் மடத்தில் படித்ததற்கு இப்படி ஒரு வேலை வரும் என்று நினைக்கவில்லை.

மூன்றாவது நிறுத்தம் லேசில் வரவில்லை. பஸ்கூட இதுவரை எங்கள் தெரு முனையில் நின்றதில்லை. அரை மைல் தள்ளி இறங்கி நடக்க வேண்டும். "சேரி முனையில வெள்ளைக்காரனை எறக்குறதா" என்று இரண்டு பேர் எழுந்து போனார்கள். ரெ. அசையவில்லை. வாத்தியாரம்மா இல்லாமல் அவனுங்களிடம் எவன் பேசுவான் என்றார். சரி, எனக்காக இல்லை, என் பிரெஞ்சுக்காக. இருக்கட்டும். 

பிப்ரவரி 5, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. பிறகு நடந்து தோப்பு. அஞ்சலையை இதற்கு முன் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ரெ. தோப்புக் காவல்காரர் பெண்சாதி, நல்ல உயரம், பேச்சு குறைவு. வெள்ளைக்காரிகள் கீழே பாயில் உட்காருவார்களா, முக்காலி வேண்டுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சிரித்தாள். "ஒனக்கே தெரியாதா? அப்ப ரெண்டையும் போடறேன்."

ஒரே சாலை, மூன்று மைல். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

சாயங்காலம் அண்ணன் ஆட்களோடு ஒத்திகை. சாவு அடியை விட்டுவிட்டுக் கல்யாண அடி மட்டும். அண்ணி செபஸ்தி அடுப்படியிலிருந்து காலால் தாளம். இவ்வளவு சந்தோஷம் பயமாக இருக்கிறது.

வாங்க: நீல நூல், தலைவலித் தைலம்.

பிப்ரவரி 7, செவ்வாய்

வெயில். தெரு முனையில் தென்னங்கீற்று வளைவு நட்டாயிற்று. சற்றே சாய்ந்திருக்கிறது.

மூன்றாவது வீட்டுக் கன்னியம்மாவுக்கு விடியற்காலையிலிருந்து வாந்தி, பேதி. அவள் புருஷன் முனியன், நேற்றைய கருவாடு சரியில்லை என்கிறான். அண்ணியும் அந்தக் கருவாட்டைத்தான் வாங்கினாள். நாங்களும் சாப்பிட்டோம். எங்களுக்கு ஒன்றுமில்லை.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். கண் குழிக்குள் போயிருக்கிறது. விரல்கள் துணி துவைத்த மாதிரி சுருங்கி. தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறாள், குரல் வரவில்லை.

கருவாடாக இருக்கட்டும். கடவுளே, கருவாடாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 8, புதன்

கன்னியம்மா போய்விட்டாள். பொழுது ஏறுவதற்குள்.

உடனே எடுத்தார்கள். பறை இல்லை. அண்ணன் திண்டாடிப் போனான். பிறகு அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சத்தம் ரெ. காதுக்குப் போனால் ஞாயிறு போய்விடும். முனியனும் சரி என்று தலையாட்டினான். பெண்சாதியை ஓசையில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குக்கூட அடித்துக் கொடுத்த கை, அண்ணனுக்கு.

வழக்கம்போல் எல்லோரும் தெருவுக்குப் பின்னால் இருக்கிற குளத்தில் தலைமுழுகினார்கள். அதே குளத்தில்தான் அவள் துணிகளை அலசினார்கள். அதிலிருந்துதான் வாய்க்கால் கரும்பாலைக்குப் போகிறது. டம்ளர் கழுவுவதும் சாற்றில் கலப்பதும் அந்தத் தண்ணீர்.

இரவு முனியன் மகனுக்கும் ஆரம்பம்.

பிப்ரவரி 9, வியாழன்

பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பும் தவறுமாகப் போட்டேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

மணி அடித்ததும் நேரே ரெ. வீடு. வாசலில் நின்றே சொன்னேன். ஒருத்தி செத்துவிட்டாள், பையன் கிடக்கிறான், வாந்திபேதி என்று பயப்படுகிறேன், டாக்டரை அழைக்கவேண்டும்.

அவர் கோபப்படவில்லை.  டாக்டர் வந்தால் சாலையை அடைப்பார், ஒரு தரம் அடைத்தால் டவுன்காரன் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டான், நாலு ஊர் ஆசை மண்ணாகப் போகும் என்றார். அதுவும் பொய் இல்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "ஞாயிறு முடியட்டும். திங்கக்கெழமை நானே டாக்டரைக் கூட்டியாறேன். ஒங்க தெரு முனையில மட்டும் வண்டி நிக்காது. நீ கரும்பாலைக்கு வந்து பேசிடு."

தண்ணீர் ஒன்றுதானே ஐயா என்றேன்.  உள்ளே போய்விட்டார்.

ஆக, எங்கள் நிறுத்தம் இன்றே போய்விட்டது. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்ல?

சொல்லவில்லை. நாளை டவுனுக்குப் போய், பள்ளிக்கூடத்தை நடத்துகிற மடத்து மதரிடம் சொல்லப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான்.

"நம்மளை எப்பக் கூப்புட்டிருக்கானுங்க, லூர்து? சாவுக்குக் கூப்புடுவானுங்க. தூர நின்னு அடிச்சுட்டு வருவோம். ஒரே ஒரு நாள் ரோட்டு மேல நின்னு நல்லதுக்கு அடிக்கிறேன். ரெண்டு நாள் பொறுத்துக்கோயேன்."

"அந்தப் புள்ள ரெண்டு நாள் தாங்காதுண்ணே."

அவன் எழுந்து வெளியே போனான். தெருவில் யாரும் என் பக்கம் இல்லை. வெளியே தெரிந்தால் குடிசையைக் கொளுத்துவார்கள், சேரி வியாதி என்று பெயர் வைப்பார்கள், அறுப்புக் கூலிக்குக் கூப்பிடமாட்டார்கள். இதுவும் பொய் இல்லை. எல்லோரும் உண்மைதான் பேசுகிறார்கள்.

தூக்கம் இல்லை.

பிப்ரவரி 10, வெள்ளி

ரெ. பஸ்ஸிலேயே டவுனுக்கு. அரை மைல் நடக்கும்போது இரண்டு முறை திரும்பலாம் என்று நின்றேன். பஸ்ஸில் பக்கத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பற்றியே பேச்சு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஐயோ, எனக்குமா என்று ஒரு பயம். பயம்தான், வேறொன்றும் இல்லை.

மதர் முழுதும் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் வெள்ளைக்காரர், வயசானவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டே கேட்டார். பேதி என்ன நிறம்? அரிசி கழுவிய தண்ணீர் என்பதற்குப் பிரெஞ்சில் எனக்கு வார்த்தை ஓடவில்லை. அரிசி, கழுவு, தண்ணீர் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

பிப்ரவரி 11, சனி

டாக்டர், இரண்டு ஆட்கள், ஒரு சிப்பாய். வாந்திபேதியேதான். தெருவின் இரு முனையிலும் கயிறு. கிணற்றிலும் குளத்திலும் மருந்து. தண்ணீர் கத்தரிப்பூ நிறம். எல்லோருக்கும் ஊசி. குழந்தைகள் அலறல். குடிசை எதையும் கொளுத்தவில்லை. கன்னியம்மாவின் பாயையும் துணியையும் மட்டும். முனியன் மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உயிர் இருக்கிறது.

உலா ரத்து. சாலையில் மோட்டார் வரக்கூடாது.

ரெ. கயிறு வரைக்கும் வந்தார். செருப்பில் தூசி, நடந்தே வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நாலு ஊரைச் சேத்ததும் நீதான். பிரிச்சதும் நீதான்."

அண்ணன் என்னோடு பேசவில்லை. அண்ணி சோறு போட்டாள், முகம் பார்க்காமல். தெருவில் நான் நடந்தால் பேச்சு நிற்கிறது.

பிப்ரவரி 12, ஞாயிறு

நல்ல வெயில், மேகமே இல்லை. உலாவுக்கென்றே செய்த மாதிரி நாள். சாலை வெறிச்சென்று. வளைவில் காக்கை.

பத்து மணிக்கு அண்ணி சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரி ஆள் உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இளநீர் கிடைத்தால் இன்னும் நல்லது, நிறைய, விடாமல். எங்கள் தெருவில் தென்னை ஏது? கயிற்றைத் தாண்டக்கூடாது. சிப்பாயிடம் கெஞ்சினேன். சைக்கிளில் போன ஒரு தபால்காரரிடம் அவர் சொல்லியனுப்பினார். வருமா, யார் தருவார்கள், இன்றைக்குப் போய் எங்களுக்கு?

மத்தியானம் மாட்டுவண்டி ஒன்று. அஞ்சலை தானே ஓட்டிக்கொண்டு. விருந்தாளிக்கென்று வெட்டிவைத்த குலை அத்தனையும். கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்று ஒவ்வொன்றாக உருட்டிவிட்டாள். ரெட்டியாரிடம் கேட்டாயா என்றேன்.

"கேட்டுட்டு வர நேரம் எங்க கீது? செதுக்கித் தரவா, கத்தி வெச்சிருக்கியா?"

கத்தி இருந்தது.  அண்ணன் என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டான்.  அவன் சீவ, நான் ஊற்ற, அண்ணி குடிக்க, வாந்தி, மறுபடி ஊற்ற.

பிப்ரவரி 13, திங்கள்

அண்ணி அப்படியே. நாடி நூல் மாதிரி. இன்னும் மூன்று வீட்டில் படுக்கை. இளநீர் எல்லோருக்கும். ஏரிக்கரைக்காரர்கள் விறகு கொண்டுவந்து போட்டார்கள், தண்ணீர் காய்ச்ச. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை போல.

நான் ஏன் அண்ணியைக் குளத்துக்குப் போகாதே என்று புதன்கிழமையே சொல்லவில்லை? சொன்னேனா? ஞாபகமில்லை.

பிப்ரவரி 15, புதன்

விடிகாலையில் அண்ணி கஞ்சி கேட்டாள்.

அண்ணன் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொண்டான். தோள் குலுங்கியது. நான் போகவில்லை.

கோடிவீட்டுக் கிழவர் செத்துப்போனார். மற்றவர்கள் தேவலை.

பிப்ரவரி 21, செவ்வாய்

கயிறு எடுத்தாயிற்று. பள்ளிக்கூடம் திறந்தும் ஊர்ப்பிள்ளைகள் வரவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும். மதர், வேலை போகாது, கவலைப்படாதே என்று சொல்லியனுப்பினார்கள். கவலைப்படாதே என்றால் உடனே கவலை.

முனியன் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான், குச்சி மாதிரி. முனியன் என் வாசலில் வந்து நின்றான்.  பையன் தலையில் கை வைத்தபடி கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனான்.

பிப்ரவரி 23, வியாழன்

பஸ் டிரைவர் அண்ணனிடம் உளறியிருக்கிறான்: உங்கள் தெரு முனையில் நிறுத்தவேண்டாம் என்று ரெட்டியார் உலாவுக்கு முந்தின வியாழக்கிழமையே சொல்லிவிட்டார், உங்கள் தங்கச்சிக்கும் தெரியும்.

அண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தான். பன்னிரண்டு நாளில் முதல் பேச்சு.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நானே ஒன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அதனாலதாண்ணே சொல்லல. அவர் மேல இருக்கற கோவத்துல நான் போனதா ஆயிடும். நிறுத்தம் இருந்திருந்தாலும் நான் போயிருப்பேன்."

அவன் அதை யோசித்தான். பிடிக்கவில்லை, தெரிந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. அண்ணி உள்ளேயிருந்து, ரெண்டு பேரும் சாப்பிட வாங்க என்றாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

பனி விட்டுவிட்டது. காலையிலேயே காற்றில் சூடு.

உலா பற்றி ரெ. வாயே திறக்கவில்லை. ஆனாலும் அஞ்சலை பாய் விரித்து வைத்திருக்கிறாள் என்று கேள்வி. அண்ணியும் பிடிவாதமாகப் பனங்கிழங்கு அவித்து, தெரு முனையில் கூடையை வைத்தாள். வளைவு காய்ந்து பழுப்பு. யார் வரப்போகிறார்கள் என்று நானும் அண்ணனும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

பூசை முடிந்து வெகுநேரம் கழித்து ஒரு மோட்டார். நின்றுவிட்டது! வெள்ளைக்காரத் தம்பதி, கப்பலில் வந்து இறங்கியவர்கள். இங்கே ஏதாவது திருவிழாவா என்று அந்த அம்மாள் கேட்டாள். கிழங்கைக் காட்டினாள், இது என்ன, எப்படித் தின்பது? ஒரு கால் ஏற்கெனவே தரையில்.

 வாந்திபேதி என்ற வார்த்தை போதும், கதவு சாத்திக்கொள்ளும். சொன்னேன். இந்தத் தெருவில் இருந்தது, முடிந்துவிட்டது, தண்ணீர் காய்ச்சியது, கிழங்கு அவித்தது, டாக்டர் பார்த்தாயிற்று. அவள் புருஷன் அவளிடம் ஏதோ முணுமுணுத்தார். கால் உள்ளே போயிற்று. அந்த அம்மாள் நன்றி சொன்னாள், மரியாதையாகத்தான். வண்டி கிளம்பிவிட்டது, ஏரிப்பக்கம். தூசி அடங்க நேரமாயிற்று.

அண்ணன் கேட்டான். "இன்னா சொன்னே அவங்ககிட்ட?"

"நடந்ததை."

"சொல்லாம இருந்தா எறங்கியிருப்பாங்க."

"ஆமாம்."

அவன் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து நார் உரித்தான். பாதியை ஒடித்து என்னிடம் கொடுத்தான். தின்றோம். நல்ல கிழங்கு, மாவாக.

"திரும்பி இந்த வழியாத்தானே வருவாங்க?"

"வேற வழி இல்ல."

"அப்ப நான் சொல்றேன். நோய் கெடந்த வூட்டுக்காரனே சொன்னா நம்புவாங்க. அது இன்னா, முடிஞ்சிடுச்சுங்கறதுக்கு?"

செ ஃபினி.

அவன் சொன்னது வேறு என்னவோ மாதிரி வந்தது. அண்ணி சிரித்துவிட்டாள். மறுபடி சொல்லிக்கொடுத்தேன். மறுபடி. ஃபி வரவில்லை, பி பி என்று. வாயைக் குவித்து, உதட்டைக் கடித்து. கொஞ்சம் வந்த மாதிரி இருந்தபோது ஏரிப்பக்கம் ஹாரன் சத்தம். அண்ணன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சாலைக்குப் போய் நின்றான், வாய்க்குள் செ ஃபினி, செ ஃபினி என்றபடி.