நாற்பத்திரண்டு வினாடி

12 பிப்ரவரி 2025, புதன்

இன்று ஓர் ஆளை அடித்துவிட்டேன். சட்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் தள்ளியதில் அவர் தாடை கிழிந்து ரத்தம் சொட்டியது.

பௌர்ணமி. காலையிலிருந்தே கிரிவலக் கூட்டம். அடி அண்ணாமலையில் எங்கள் ஆய்வுக்கூடம் இருக்கும் பழைய அரிசி ஆலைக்குப் பக்கத்து நிலம் குமரேசனுடையது. அன்னதானப் பந்தலுக்குக் கரண்ட் கேட்க வந்தவர், நேராகப் போய் இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே கேமரா. ஒளியை உணரும் இருநூற்று ஐம்பத்தாறு குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரத்து இருநூறு வோல்ட். விண்ணிலிருந்து வரும் காமா கதிர் காற்றில் மோதும்போது தெறிக்கும் துளி நீல வெளிச்சத்தைப் பிடிப்பதற்காக மூன்று வருடம் உட்கார்ந்து செய்தவை. அவற்றின் மேல் பத்து மணி வெயில் அடித்தது. நான் ஓடிவந்து கதவை மூடுவதற்குள் பத்தொன்பது குழாய்கள் போயின.

"கதவுதானேம்மா தெறந்தேன்? என்னமோ கொலை பண்ணிட்ட மாதிரி கத்துற?" என்றார். அப்போதுதான் கை நீண்டது. கூட வேலை செய்யும் தௌஹீத் நடுவில் புகுந்து விலக்கினான்.

அறையைப் பூட்டாமல் டீ குடிக்கப் போனவள் நான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

14 பிப்ரவரி

மறதிக்குப் பூட்டு உதவாது. பயம்தான் உதவும். மஞ்சள் தாளில் அந்த மூன்று இதழ்ச் சின்னத்தைப் போட்டு, 'அபாயம் — கதிரியக்கம் — நெருங்காதே' என்று பெரிதாக அச்சடித்துக் கதவில் ஒட்டினேன்.

தௌஹீத்துக்குப் பிடிக்கவில்லை. இங்கே மின்னணு வேலை முழுவதும் அவன் கையில்தான். இருபத்தாறு வயது, டவுன்காரன், என்னைவிட நிதானமானவன்.

"நம்ம மெஷின்லேர்ந்து ஒண்ணுமே வெளிய வராதே மேடம். அது சும்மா பாக்கத்தானே செய்யுது? எதுக்கு இந்தப் பொய்?"

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேணாம்."

20 பிப்ரவரி

ஆறு நாளாக ஒருத்தரும் கதவுப் பக்கம் வரவில்லை. பால்காரர்கூட வாசலிலேயே நின்றுவிடுகிறார். சிரிப்பாக இருக்கிறது.

2 ஏப்ரல்

குமரேசனின் மனைவி எல்லம்மாளுக்கு ஆறு மாதக் கரு கலைந்துவிட்டது. இது இரண்டாவது முறையாம்.

மதியம் குமரேசன் வந்து இருட்டறைக் கதவின் எதிரே வெகுநேரம் நின்றார். தாடையில் தழும்பு. போனை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடித்தார்.

"இந்த எழவு எங்க வூடு வரைக்கும் வருமா?"

வராதுங்க, அது பொய், நான்தான் ஒட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். ஆனால் அன்றைய பத்தொன்பது குழாய்கள் நெஞ்சில் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

"படிக்கத் தெரியுமில்ல? தள்ளி நில்லுங்க" என்றேன்.

மனுஷியா நான்?

8 ஏப்ரல்

தௌஹீத் போனை நீட்டினான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் கதவின் படம். 'கருவைக் கலைக்கும் கதிர் ஆலை. இன்று எல்லம்மாள், நாளை யார்?' அதன் கீழே, கம்பியும் கத்தியும் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லி ஐம்பது பதில்கள்.

"இப்பவே கிழிச்சிட்டு அவங்க வூட்டுக்குப் போயி உண்மையச் சொல்லிடலாம் மேடம். நானும் வர்றேன்."

நாளை மதியத்தோடு கடைசிச் சோதனை முடிகிறது. கேமராவை வடக்கே பனிமலையிலுள்ள தொலைநோக்கிக்கு ஏற்றிப்போக வியாழக்கிழமை லாரி வரும். இயக்குநர் ராமகிருஷ்ணன் சார் இன்று மட்டும் நான்கு முறை கூப்பிட்டுவிட்டார். சோதனை முடியட்டும், சாயந்தரம் போகலாம் என்றேன். அரை நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

9 ஏப்ரல்

வேலூர். தௌஹீத் ஆபரேஷன்ல இருக்கான். என் துப்பட்டா பூரா அவன் ரத்தம். தெறந்திருக்கணும். உடனே தெறந்திருக்கணும் —

11 ஏப்ரல்

தௌஹீத்துக்கு இடது கண் போய்விட்டது. வலது கையில் மூன்று விரல்கள் நொறுங்கியிருக்கின்றன.

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது.

பதினொன்றரை மணி. நான் இருட்டறைக்குள், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, முழு மின்னழுத்தத்தில் கேமராவை ஓடவிட்டிருந்தேன். வெளியே கேட் உடையும் சத்தம். பிறகு ஆட்களின் சத்தம். தௌஹீத் கதவில் முதுகைக் கொடுத்து நின்று கத்தினான். "அண்ணே, கேளுங்கண்ணே! உள்ள ஒண்ணும் இல்லண்ணே! அது பொய்யிண்ணே!"

கதவைத் திறந்தால் அவன் உள்ளே வந்துவிடலாம். ஆனால் வோல்ட் இறங்காமல் திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாக் குழாயும் போய்விடும். படிப்படியாக இறங்கிச் சுழியத்துக்கு வர நாற்பத்திரண்டு வினாடி. பக்கத்திலேயே சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஒரே நொடியில் எல்லாம் அணைந்துவிடும், குழாய்களில் பாதி நாசமாகும், அவ்வளவுதான். ஆள் உயிருக்கு ஆபத்து வந்தால் அழுத்த வேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதியவளும் நான்தான்.

நான் சிவப்புப் பொத்தானை அழுத்தவில்லை. படிப்படியாக இறக்கும் கட்டளையைக் கொடுத்தேன்.

திரையில் எண் இறங்கியது. ஆயிரத்து நூறு. ஆயிரம். கதவில் கம்பி விழுந்தது, இரும்பு அதிர்ந்தது. எண்ணூறு. அடுத்தடுத்து விழுந்த அடிகள் இரும்பில் விழவில்லை, அந்தச் சத்தம் வேறு. "மேடம்!" என்றான். அறுநூறு. "மேடம்!" நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்நூறுக்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

சுழியம் வந்ததும் திறந்தேன். கதவில் சாய்ந்திருந்தவன் என் காலில் வந்து விழுந்தான். எதிரே குமரேசன், கையில் கடப்பாரை. பாய்ந்து அவர் முகத்தைப் பிறாண்டினேன், தோளைக் கடித்தேன். யாரோ என் தலைமுடியைப் பற்றித் தரையில் இழுத்தார்கள், விலாவில் உதைத்தார்கள். பிறகு தௌஹீத்தின் முகத்தை எல்லாரும் பார்த்தார்கள். கூட்டம் அப்படியே பின்வாங்கி ஓடியது.

கேமராவில் ஒரு கீறல்கூட இல்லை.

13 ஏப்ரல்

காவல் நிலையத்தில் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே குமரேசனை அடித்தார்கள். லத்தி சத்தம் தெளிவாகக் கேட்டது. முதல் நான்கைந்து அடிக்கு எனக்கு நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அப்புறம் அவர், "எம் புள்ள செத்துப் போச்சு சாமி, எம் புள்ள!" என்று அலறினார். காதைப் பொத்திக்கொண்டேன்.

அந்தத் தாளை ஒட்டியது 'அந்த பாய் பையன்தான்' என்று ஊரில் பேச்சு. போலீஸும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறது. ராமகிருஷ்ணன் சார் போனில் குரலைத் தாழ்த்தினார். "அருணாதேவி, நீங்க வாயைத் தெறக்காதீங்க. அவங்க சொல்றபடியே இருந்துட்டுப் போகட்டும். இல்லன்னா ப்ராஜெக்ட்டையே மூடிடுவாங்க."

கண்ணையும் கொடுத்துவிட்டு என் பழியையும் அவன் சுமக்க வேண்டுமாம்.

16 ஏப்ரல்

வாக்குமூலம் கொடுத்தேன். தாளை ஒட்டியது நான். அது பொய். முதலில் கை வைத்ததும் நான். எழுதிக்கொண்ட ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அங்கிருந்து எல்லம்மாளிடம் போனேன். அந்த அறையிலிருந்து எந்தக் கதிரும் வரவில்லைம்மா, நீங்கள் பயந்ததெல்லாம் என் பொய்க்கு என்றேன்.  அவள் மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து அடித்தாள். தலையில், தோளில், முகத்தில். "நான் ராவும் பகலும் அந்தக் கதவையே பாத்துட்டுக் கெடந்தேனேடீ, பாவி!" கை ஓயும்வரை அடித்தாள். நின்று வாங்கிக்கொண்டேன்.

சொல்ல வேண்டியதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அந்த வினாடிகளைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2 மே

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நியாயம்.

21 ஜூன், சனி

காலையில் பழைய சகா ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். கேமரா மலையேறிவிட்டது, மாற்றிய பத்தொன்பதையும் சேர்த்து இருநூற்று ஐம்பத்தாறும் பிரமாதமாக வேலை செய்கின்றன, வாழ்த்துகள்.

மதியம் தௌஹீத் வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதமாகத் தெருமுனை வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். அவன் அம்மா முன்னி பேகம், "வாம்மா, ஏன் அங்கியே நிக்கிற?" என்று உள்ளே கூட்டிப்போனார். அவன் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கண்மேல் வெள்ளைத் துணி.

உட்காரக்கூட இல்லை. சொல்லிவிட்டேன். "தௌஹீத், அன்னிக்கு நான் செவப்பு பட்டனை அமுக்கல. வோல்ட் எறங்கட்டும்னு காத்துட்டிருந்தேன்."

அவன் தலை நிமிரவில்லை.

"தெரியும் மேடம். வெளிய நின்னு நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன். நாப்பத்திரெண்டு தாங்கிட்டா போதும், மேடம் தெறந்துடுவாங்கன்னு. முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன்."

 மன்னித்துவிடு என்றேனா, அழுதேனா, நினைவில்லை. அவன் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான், கோபமே இல்லாமல்.

"உள்ள நானும் வெளிய நீங்களும் இருந்திருந்தா, நான் எண்ணியிருக்க மாட்டேன் மேடம்."

முன்னி பேகத்துக்கு எதுவும் புரியவில்லை. எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு, அவன் பக்கத்தில் வைத்தார்.