தட்டைத் திருப்பாதவன்

ஜனவரி 12, ஞாயிறு

ரொமெல் வீட்டில் மதியச் சாப்பாடு. ஆளுக்கு ஒரு துண்டு கோழி. "இன்னும் வேணுமா பெர்லிதா?" என்றாள் மருமகள் ஜோலின். இந்தக் கனடாவில், வின்னிபெக்கில், மாமியாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "ஐயோ, போதும்மா" என்றேன். சரியென்று பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய்விட்டாள்! மூன்று தரம் கேட்க வேண்டாமா? பிலிப்பைன்ஸில், எங்கள் ஊர் இலோயிலோவில், முதல் தடவையே தட்டை நீட்டினால் காணாததைக் கண்டவள் என்பார்கள். பெற்ற பிள்ளையாவது சொல்லியிருக்கலாம். வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து சோறும் கருவாடும் தின்றேன்.

ஜனவரி 13

இன்னும் ஆறவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பாதிச் சாப்பாட்டில் ரொமெலுக்கு வேலையிலிருந்து அழைப்பு. இரண்டு மணி நேரம் பனியில் வண்டி ஓட்ட வேண்டும். அவன் எழுந்ததும் என் தட்டை ஒரு சுற்றுத் திருப்பி வைத்தேன். ஒருவர் பாதியில் பயணம் கிளம்பினால் மற்றவர்கள் தட்டைத் திருப்ப வேண்டும் — போகிறவர் பத்திரமாய்ப் போய்ச் சேர.

"உங்கம்மா என்ன பண்றாங்க?" என்றாள் ஜோலின்.

"ஒண்ணுமில்ல. ஏதோ ஊர்ப் பழக்கம், கண்டுக்காத."

ஒண்ணுமில்லையா? உங்கப்பா கப்பலுக்குக் கிளம்பும்போதெல்லாம் முதல்ல தட்டைத் திருப்பினவன் யாருடா?

அவன் போனபின் ஜோலின் மறுபடி கேட்டாள். சொன்னேன். அவன் மறந்திருப்பான், இருபது வருஷமாயிற்றே. அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஆளில்லை, உடனே வரச் சொன்னார்கள். சாப்பாட்டை விட்டு எழுந்தேன். வாசல் தாண்டியபின் கையுறை ஞாபகம் வந்து திரும்பினேன். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது: ஜோலின் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துத் திருப்புகிறாள், குழம்பு மேசை விரிப்பில் சிந்துகிறது.

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"விடு ஜோலின். அதெல்லாம் சும்மா."

அவன் தட்டு வைத்தது வைத்தபடி. தின்றுகொண்டிருந்தான். நான் கதவைத் தட்டவில்லை, கையுறை இல்லாமலே போனேன். பேருந்தில் கை விறைத்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

"இன்னும் வேணுமா பெர்லிதா?"

"வேணும்" என்றேன், முதல் தடவையிலேயே. ஜோலின் சிரித்துக்கொண்டே இரண்டு துண்டு வைத்தாள்.

ரொமெலுக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் மொழியில், மெதுவாக, "என்னம்மா இது, ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம்னு சொல்லலையே?" என்றான்.

அப்படியென்றால் அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.