புற்றின் மேல் வைத்த சிவப்புப் புள்ளி

இன்று காலை ஏலத்தோட்டத்துப் பாதையில் காளான் வாசம் அடித்தது. உன்னிடம் சொல்லத் திரும்பினேன். நீ போய் நான்கு மாதமாகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எட்டாம் வகுப்பில், நம் வண்டன்மேட்டுத் தோட்டத்தில் வாழ்கிற, முளைக்கிற எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து வரும்படி அறிவியல் டீச்சர் சொன்னார். நாம் ஜோடி சேர்ந்தோம். என்னிடம் நூலகப் புத்தகம் இருந்தது. உனக்குக் காடு தெரியும். முள்ளம்பன்றி கடித்த வேர், கேளையாடு படுத்த புல், பட்டமரத்தில் பலகைபோல ஒட்டிய காளான் என்று நீ காட்டக் காட்ட நான் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்பேன்.

"பேரு தெரிஞ்சாத்தான் முளைக்குமாட்டி? எழுது, டீச்சர் மாதிரி நிக்காத" என்று சிரிப்பாய்.

கடைசியாக ஓடைக்கு மேலிருந்த கரையான் புற்றுக்குக் கூட்டிப்போனாய். இடி இடித்ததும் ஆண்டுதோறும் அங்கே காளான் பூக்கும். தோட்டத்தில் வேலை குறைகிற அந்த நாட்களில் உங்கள் வீட்டுக் குழம்பே அதுதான். புற்றைத் தோண்டினால் மறுபடி வராது. அதனால்தான் நம் லயத்து வரிசை வீடுகளில் யாரும் தங்கள் காளான் இடத்தை வெளியே சொல்வதில்லை.

"இத மட்டும் படத்துல போட்டுராதட்டி. அம்மா கொன்னுரும்."

சரி என்றேன். அன்று மாலையே சிவப்பு மையால் புள்ளி வைத்தேன். அது இல்லாத வரைபடம் பொய்யாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு எவர் படத்திலும் அது இருக்காது என்பதுதான் உண்மையான காரணம். முதல் பரிசு கிடைத்தது. பள்ளி வராந்தாவில் தொங்கிய படத்தை நீ வெகுநேரம் பார்த்தாய்.

அடுத்த மழையில் யாரோ கடப்பாரையால் புற்றைப் பிளந்திருந்தார்கள். உன் அம்மா வெறுங்கூடையோடு நம் இருவரையும் பார்த்தார்.

"யாருட்டி வெளிய சொன்னது?"

"நாந்தாம்மா. வாய் தவறிச் சொல்லிட்டேன்."

அறை உன் கன்னத்தில் விழுந்தது. நான் புத்தகப் பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். திரும்பும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ அடி தாங்க மாட்ட, புத்தகப் பூச்சி" என்றாய்.

பிறகு வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று உன் அம்மா என்னை வழியில் நிறுத்தினார். "ஒரு காளானுக்காகப் புள்ளய அடிச்சேனே தாயி. அவ உங்கிட்ட சொல்லி அழுதாளா?"

"இல்ல, அத்த" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். செய்யாத தப்புக்கு உன்னை அடிக்கவைத்தவள் நான்தான் என்று தெரியாமலே, என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.