சென்னிமலை இறக்கம்

ஞாயிற்றுக்கிழமை

இன்னும் கோபம் ஆறவில்லை. சென்னிமலைக் கோயிலிலிருந்து கீழே ஓடக் கிளம்பியதும் வீட்டுக்காரர், "போன வாரம் உழுந்தது போதும் அம்மணி, வண்டீல ஏறிக்க" என்றார். ஏறவில்லை. பயத்தில் பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி ஊன்றி ஓடியதால்தான் போன வாரம் விழுந்தேன். இன்று உடம்பைச் சரிவோடு விட்டு, சின்னச் சின்ன அடியாக வைத்தேன். கால் தானாக இறங்கியது.

பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை விடாமல் பிடித்தபடி அவர் பின்னால் வந்தார். வளைவுக்கு வளைவு, "மெதுவா, மெதுவா" என்று சத்தம். அடிவாரத்தில் நான்தான் காத்து நின்றேன். அவர் வந்தபோது பிரேக் கருகி நாறியது.

"முட்டி வலிக்குதா?" என்றார்.

"எனக்கு இல்லீங்க. உங்க வண்டிக்குத்தான்."

அடுத்த ஞாயிறும் ஓடுவேன். பயமாக இருந்தால் அவர் கோயில் பஸ்ஸில் இறங்கட்டும்.