வசந்தியின் கணக்குப் பாடங்கள்

சனிக்கிழமை இரவு, சேலையூர்.

இன்று காலை வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்தேன். ஆன் ஆவதற்கே அவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வாரக்கணக்கில் எரிச்சல். டிஸ்க் நிரம்பிக் கிடந்தது. 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் பெரிய பெரிய வீடியோக்கள் இருந்தன. யாருடைய கல்யாண வீடியோவாவது இருக்கும் என்று திறந்துகூடப் பார்க்காமல் அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். கணினி சட்டென்று வேகமாகிவிட்டது. பெருமையாக வசந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் கண் திரையில் எதையோ தேடியது.

"இங்க ஒரு ஃபோல்டர் இருந்துச்சே?"

"அதுதான் இடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. தூக்கிட்டேன்."

"அது நான் எடுத்த கணக்குப் பாடம்ங்க."

பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், நான் வெளியே போகிற நேரம் பார்த்துப் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவை நடத்தி, ஃபோனில் வீடியோ எடுத்துக் கணினியில் சேர்த்திருக்கிறாள். எல்லாம் முடிந்ததும் இணையத்தில் போட நினைத்திருந்தாளாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சிரிப்பீங்கன்னுதான்."

சிபியுவை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மேற்குத் தாம்பரம் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வெகுநேரம் முயன்றுவிட்டு, "ஒண்ணும் வரல சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து, "மறுபடி எடு வசந்தி, நான் ஃபோனைப் பிடிச்சுக்கறேன்" என்றேன். "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லித் தோசை வார்த்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

சொல்லியிருந்தால் சிரித்திருப்பேனா என்று இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன். சிரித்துத்தான் இருப்பேன்.